சுவர் வழியே கேட்ட படம்

தங்கையின் இடது கைச் சுட்டுவிரல் ஒரு புத்தகத்தில், வலது கைச் சுட்டுவிரல் இன்னொன்றில். இரண்டு விரலும் ஒரே வேகத்தில் வரி வரியாக இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடப்பவள் மாதிரி, ஒன்று முந்தினால் அதை நிறுத்திவைத்து, மற்றது வந்து சேரும்வரை காத்திருப்பாள். பக்கம் முடிந்துவிட்டால் விரலை எடுக்க மனம் வராது. "அக்கா, ஒரு பக்கம்" என்று குரல் கொடுப்பாள். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரே ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போவாள்.

சாப்பாட்டு மேசையில் நடக்கிற இந்த வேலைக்குப் பெயர் ஒப்பிலக்கியம். பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத்துக்கும் திரைப்படத்துக்கும் சேர்த்து ஒரே துறை. ஒரு கதை இந்த மொழியில் எப்படி இருக்கிறது, அந்த மொழிக்குப் போனதும் எப்படி ஆகிறது, நாவல் படமாகும்போது எது உதிர்ந்து போகிறது, எது புதிதாக ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்கிற படிப்பு. அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் துறையின் முழுப் பெயரை, நடுவில் மூச்சு வாங்காமல், ஓர் எழுத்தும் பிசகாமல் சொல்வாள். தங்கை பட்டமேற்படிப்பில் சேர்ந்த புதிதில் சித்தப்பா வந்து, "சினிமா பாக்கறதுக்கு ஒரு காலேஜா? அப்படின்னா நானும் பட்டதாரிதான்" என்று சிரித்தார். "நீங்க பாத்த படத்துல பாதி நேரம் தூங்கியிருப்பீங்க சித்தப்பா. தூக்கத்துக்கு அங்க மார்க் கிடையாது" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தங்கையின் தலைமுடியைப் பிடித்து நிறுத்துவது ஒரு பென்சில். அவசரத்துக்கு எழுத அதை உருவினால் முடி அவிழ்ந்து முகத்தில் விழும். எழுதி முடிக்கும்வரை ஒற்றைக் கண்ணால்தான் உலகத்தைப் பார்ப்பாள். பக்கத்து வீட்டு அம்மாள் தெருவில் நடந்த ஒரு சண்டையை மூச்சு முட்டச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அப்ப நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். "ஜன்னல்ல." "திரை போட்டிருந்துதா?" அந்த அம்மாளுக்குக் கதை சொல்லும் ஆசையே போய்விட்டது. "உன் தங்கச்சிக்குப் போலீஸே தேவலை" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டிலும் தெருவிலும் அவளைக் கூப்பிடுவது 'பாதி' என்று. அவள் குள்ளம் என்பதற்காக வந்த பெயர் என்று துறைத் தோழிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் திருத்துவதில்லை.

பெயர் வந்த இடம் தியேட்டர். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மாலை நேர வேலை. அக்கா படிப்பை நிறுத்திவிட்டு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்த வருடம் தங்கைக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. வீட்டில் தனியாக விட மனம் வராமல் கூடவே கூட்டிப் போனாள். கவுண்டர் என்றால் ஒரு நாற்காலி, ஒரு மேசை, வெளியே இருந்து ஒரு கை நுழையும் அளவுக்கு அரைவட்டத் துளை. மிச்சம் இருந்த மூலையில் பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் அதுதான் தங்கையின் ஆசனம்.

அந்த அறையின் பின்சுவருக்கு அப்பால்தான் அரங்கம். படம் தொடங்கினாலும் அக்காவால் எழுந்திருக்க முடியாது. தாமதமாக வருபவர்கள் வருவார்கள், அடுத்த காட்சிக்கு முன்பதிவு செய்பவர்கள் வருவார்கள். இடைவேளை மணி அடித்த பிறகுதான் துளையின் மரக்கதவை இழுத்து மூட அனுமதி. அதுவரை தங்கை சுவரில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருப்பாள். குதிரை ஓடினால் சுவர் அதிரும். யாராவது அழுதால் சுவருக்குள் ஈரம் ஊறுகிற மாதிரி இருக்கும் என்பாள். மணி அடித்ததும் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவாள். வாசல் காக்கும் டார்ச் மாமா தன் முக்காலியை இருவருக்கும் விட்டுத் தந்துவிட்டு, சின்னவளின் முகத்தில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டி அவளுடைய ஒரு காது மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். "வந்தாச்சா பாதி? முன்பாதிய காதுல வாங்கிட்டியா?" என்பார்.

முன்பாதியைக் கேட்டு, பின்பாதியைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு வேலை இருந்தது. உள்ளே நுழைந்ததும் குரல்களுக்கு முகம் தேட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அன்பாகப் பேசியவன் திரையில் வில்லனாக நிற்பான். அதட்டிய குரல் கதாநாயகியின் அப்பாவாக இருக்கும். "இவரு இவ்ளோ ஒல்லியாக்கா? குரலு குண்டா இருந்துதே" என்று அவள் காதோடு கேட்க, முன் வரிசையில் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் தான் மனத்தில் வைத்திருந்த படத்தையும் கண்ணால் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டே வருவாள். அக்கா உம் கொட்டுவாள். ஒப்பிலக்கியம் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதும், அதைப் படிக்க ஒரு கட்டடம் இருப்பதும் அப்போது இருவருக்கும் தெரியாது.

அம்மா காலமான பிறகும் அக்கா தியேட்டரை விடவில்லை. அது இப்போது மூன்று திரைகளாகிவிட்டது, அவள் மேற்பார்வையாளர். கழித்துப்போட்ட சுவரொட்டிகளைச் சுருட்டி எடுத்துவந்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய மடித்து, தங்கையின் புத்தகங்களுக்கு அட்டை போடுவாள். மூலை கொஞ்சம் பிய்ந்தால் யாரோ ஒரு நடிகரின் மீசை எட்டிப் பார்க்கும். உடனே பிரித்து வேறு அட்டை போட்டுவிடுவாள்.

ஆய்வேட்டுக்குத் தங்கை எடுத்துக்கொண்டது ஒரு நாவலும் அதிலிருந்து எடுக்கப்பட்ட படமும். அக்கா கவுண்டரில் உட்கார்ந்த புதிதில் மாதக்கணக்கில் ஓடிய படம் அது. வேலை தேடி ஊரைவிட்டுப் புறப்படுகிற மகன், வழியனுப்புகிற தாய். நாவலில் தாய் ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். படத்தில் பேசுவாள். பெட்டியில் எதை எங்கே வைத்திருக்கிறாள் என்பதை மட்டும் சொல்வாள், வேறொன்றும் சொல்லமாட்டாள். அந்தக் காட்சிக்கு ஒரு முழு இயல். தாய் முகத்தைக் காட்டாமல் திரும்பி நின்றபடியே நீல விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருப்பதை விவரித்து, அந்த முதுகின் மௌனம்தான் நாவலின் மௌனம் என்று எழுதியிருந்தாள். வழிகாட்டிப் பேராசிரியை அதைப் படித்துவிட்டு அவளைத் தேநீருக்கு அழைத்துப் போனார். அந்த இயலை நம்பித்தான் வெளியூரில் ஓர் ஆய்வு இடத்துக்குப் பரிந்துரையும் எழுதினார். பட்டம் வந்தால் இடம். பட்டம் தள்ளிப்போனால் அதுவும் போயிற்று.

வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட தேர்வாளரின் அறிக்கை வந்தது. மற்ற இயல்களுக்கெல்லாம் பாராட்டு. அந்த ஓர் இயலுக்கு மட்டும் ஒரே கேள்வி. படத்தில் அப்படி ஒரு காட்சி கிடையாது. மாணவி படத்தைப் பார்த்தாரா?

அவள் பார்த்திருக்கவில்லை. பின்பாதியைத் துறையில் எத்தனையோ தடவை ஓட்டி ஓட்டிக் குறிப்பெடுத்தவள்தான். முன்பாதியின் வசனமோ அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மனப்பாடமாகத் தெரிந்ததைப் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சின்ன வயதில் மாதக்கணக்கில் 'பார்த்த' படம்தானே. அந்தக் காட்சியைத் தானும் சரிபார்க்காத பேராசிரியை கடிந்துகொள்ளவில்லை. அந்த இயலை எடுத்துவிட்டால் மீதியை வைத்து ஒப்பேற்றிவிடலாம், வாய்மொழித் தேர்வில் யாரும் அதைக் கிளறப்போவதில்லை என்றுதான் சொன்னார்.

அன்று அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா தட்டு வைத்தாள், எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை துறையிலிருந்து வாங்கிவந்த வட்டைத் தங்கை கணினியில் போட்டபோது, அக்காவும் கை வேலையை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் அதே கவுண்டரில்தானே இருந்தாள். அந்த முன்பாதியை அவளும் கண்ணால் பார்த்ததில்லை.

வழியனுப்புகிற இடம் வந்தது. தாயின் குரல் தொடங்கியது. திரையில் தாய் இல்லை, வீடும் இல்லை. மழை நனைத்த வெறும் சாலை ஒன்று நீளமாகக் கிடந்தது. குரல் முடிகிறவரை அந்தச் சாலைதான்.

"அந்தம்மா எங்கக்கா?" என்றாள் பாதி.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீல விரிப்பு என்று ஏட்டில் படித்தபோதே மனத்தில் ஏதோ நெருடியது அவளுக்கு. கேட்டால் படிக்காதவள் பேச்சாகிவிடுமோ என்று விட்டுவிட்டாள். மருத்துவமனை விரிப்புகள் நீலம். சலவைப் பிரிவில் கழித்துக்கட்டியவற்றை அம்மா வீட்டுக்குக் கொண்டுவருவாள். காலையில் பிள்ளைகள் எழுந்து வரும்போது சமையலறையில் திரும்பி நின்றபடி அவற்றை மடித்துக்கொண்டிருப்பாள். மடித்துக்கொண்டே எது எங்கே இருக்கிறது என்று சொல்வாள்.

"நம்ம வீட்ல இருந்திருக்காடி" என்றாள் அக்கா.

பாதி படத்தை நிறுத்தினாள். பென்சிலை உருவினாள், முடி முகத்தில் விழுந்தது. எழுதவும் இல்லை, முடியை ஒதுக்கவும் இல்லை. "மேடம் அந்த சாப்டரை எடுத்துடச் சொன்னாங்க" என்றாள்.

"எடுத்துட்டா பட்டம் வந்துடும்ல?"

"வந்துடும்."

"அப்புறம் என்ன?"

"எடுத்துட்டா நான் அந்தப் படத்தப் பாக்காதவளாயிடுவேன்க்கா. கேட்டவதானே நான்."

அக்காவுக்கு அது முழுவதும் பிடிபடவில்லை. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இது எதற்கு வீம்பு என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு தேநீர் போடப் போனாள். பாதி இயலை எடுக்கவில்லை, திருப்பி எழுதினாள். இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை, சுவர் வழியே கேட்டிருக்கிறேன் என்பது அதன் முதல் வரி. நாவலின் தாய், படத்தின் சாலை, கவுண்டர் அறையில் கேட்டவளின் நீல விரிப்பு என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். பேராசிரியை படித்துவிட்டு, "இது ஒண்ணு நிக்கும், இல்ல உன்னையும் சேத்துத் தள்ளும்" என்றார்.

வாய்மொழித் தேர்வைக் குடும்பத்தினரும் பார்க்கலாம். அக்கா கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட புடவை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தாள். தேர்வாளர் வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். மற்ற கேள்விகளைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு அந்த இயலுக்கு வந்தார். "பாக்காத காட்சியப் பத்தி ஒரு இயல் எழுதியிருக்கீங்கம்மா. நேர்மையா ஒத்துக்கிட்டிருக்கீங்க, நல்லது. ஆனா இதை ஆய்வுன்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

"ஒரு தடவை நீங்களும் பாக்காம இருந்து பாருங்க ஐயா" என்றாள் பாதி.

அறையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். அவள் அந்தக் காட்சியை ஓடவிட்டாள். சுவரில் ஈரச் சாலை விழுந்தது. அவள் நடந்து போய், மேசை மேலிருந்த புரொஜெக்டரின் கண்ணை உள்ளங்கையால் மூடினாள். சாலை அணைந்தது. இருட்டில் தாயின் குரல் மட்டும் வந்தது. 'சட்டையெல்லாம் மேலயே இருக்கு. துண்டு அடியில. கம்பளிய ஓரமாச் சொருகியிருக்கேன், குளிருக்கு முன்னாடி எடுக்காத.' அக்கா இதையெல்லாம் அந்த அரைவட்டத் துளைக்குப் பின்னால் எத்தனையோ மாலை கேட்டவள். தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காகிதங்களின் மேல் வைத்தார்.

குரல் முடிந்தது. பாதி கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காதீங்க" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "இன்னொரு தடவை வைங்க."

பேராசிரியை எழுந்துபோய்க் காட்சியைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தார். புரொஜெக்டரின் சூட்டில் பாதியின் கை சிவந்துபோயிருந்தது. விரலிடுக்குகள் வெளிச்சத்தில் ரத்த நிறமாகத் தெரிந்தன. அவள் மறு கையைக் கொண்டுவந்து அந்தக் கையின் மேலேயே வைத்து, அடியில் இருந்ததை மெல்ல உருவிக்கொண்டாள். சுவரில் ஓர் இழை வெளிச்சம்கூட விழவில்லை.