ஓடை நாளுக்கு மறுநாள்

தவசிமுத்துவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. டீக்கடையில் பாதி டீயோடு எழுந்துவிடுவார். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டுதான் வருவார். "காலுல சக்கரமா கட்டியிருக்கு உங்களுக்கு?" என்று அவர் மனைவி சுடலையம்மாள் கேட்காத நாளில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலை, ஒரு வால்வைத் திறந்து மூடுவது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி, பாலாக வெளுத்தாக வேண்டும். வெளுத்து மிஞ்சுகிற பிளீச்சிங் தண்ணீர் ஒரு பெரிய தொட்டியில் சேரும். சாயங்காலம் தவசிமுத்து வால்வைத் திறப்பார். தண்ணீர் ஓடையில் இறங்கிக் கிழக்கே போய்விடும். கிழக்கேதான் அவருடைய ஒரே தங்கை பரிபூரணத்தைக் கட்டிக்கொடுத்திருந்தது.

எண்பத்தைந்தாம் வருடம் பரிபூரணத்தின் கிணறு கெட்டது. கத்தரித் தோட்டம் கருகியது. அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "நீ திறந்துவிடுத தண்ணிதான்ணே எங்க கெணத்துல நிக்கி. இனிமே உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடியே பொங்கலுக்கும் வரவில்லை.

வேலையை விடவும் முடியவில்லை, தங்கையை விடவும் முடியவில்லை. மனிதர் தவியாய்த் தவித்தார். கடைசியில் முதலாளி முன்னால் போய் நின்றார்.

"வருசத்துல ஒரு நாள் மொதலாளி. அன்னைக்கு மட்டும் ஓடையில ஒரு சொட்டு விட வேண்டாம். ஜனங்க வந்து ஓடையப் பாக்கட்டும். பாத்தா ரோசம் வரும்லா?"

ஒரு நாள்தானே என்று முதலாளி தலையாட்டிவிட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஓடை நாள், தை மாதத்து முதல் வெள்ளி. முதல் வருடம் தவசிமுத்துவும் பட்டறை ஆட்கள் சிலரும் முள்ளை வெட்டிக் குப்பையை அள்ளினார்கள். பிறகு பள்ளிக்கூடங்கள் வந்தன. கிருஷ்ணன்கோவிலிலிருந்து இன்ஜினியரிங் மாணவர்கள் காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பந்தல், மைக் செட், கோஷம், 'நிறுவனர் தவசிமுத்து' என்று எழுதிய துணி பேனர் எல்லாம் சேர்ந்துகொண்டன. முதல் மாலை மட்டும் முதலாளிக்கு. ஒரு நாள் நாலு நாளாகும், நாலு நாள் மாதமாகும் என்று நம்பியிருந்தார் தவசிமுத்து. வளர்ந்ததென்னவோ பந்தல்தான். மேடையில் உட்காரவைத்தால் இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து கூட்டத்தைத் துழாவுவார். எந்த வருடமும் பரிபூரணத்தின் முகம் தெரியவில்லை. யாருக்காக இந்தப் பாடு என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

தொண்ணூற்று நாலில், "நிறுவனருக்கு நாளைக்கு லீவு" என்று முதலாளி மேடையிலேயே அறிவித்தார். வால்வை வேறு ஆள் பார்த்துக்கொள்வான். தனக்குப் போர்த்திய பொன்னாடையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, தவசிமுத்து மறுநாள் தங்கை ஊருக்கு பஸ் ஏறினார். இதை அவள் தோளில் போட்டுவிட்டு, வருவாயா மாட்டாயா என்று இன்றைக்குக் கேட்டே விடுவது.

ஊருக்குள் நுழையும்போதே ஒரே பரபரப்பு. பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். ஆட்கள் ஆடுமாட்டை மேட்டுக்கு விரட்டினார்கள். ஏதும் அசம்பாவிதமோ என்று அவர் நடையை எட்டிப் போட்டார். ஓடைக்கரையில் பரிபூரணம் இரண்டு மாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனை வா என்று கேட்கவில்லை. ஒரு கயிற்றை அவர் கையில் திணித்தாள்.

"இழுத்துப் பிடி. செத்த நேரத்துல வந்துரும்."

"எது வரும்?"

"உன் தண்ணிதான். நேத்து அம்புட்டையும் தேக்கி வச்சியள்லா?"

ஓடை நாளில் வால்வை மூடினார்களே தவிர, பட்டறையை மூடவில்லை. மறுநாள் காலையில் தொட்டி விளிம்பு தட்டி நிற்கும். வால்வை முழுக்கத் திறந்தால்தான் வேலை ஓடும். அத்தனை வருடமும் திறந்தவர் அவரேதான். இறங்கிய தண்ணீர் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

இன்றைக்குப் பார்த்தார். வெள்ளை நுரை கரைமுட்ட உருண்டு வந்தது. நெடி மூக்கில் ஏறியதும் மாடு மிரண்டு அவரையும் சேர்த்து இழுத்தது. ஒரு நாள் தெளிந்த ஓடையை நம்பி ஏறி வந்த குஞ்சு மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து போயின.

"தெனமும் வாரது எங்களுக்குப் பழகிப்போச்சுண்ணே. உன் நாளுக்கு மறுநாளுன்னாத்தான் ஊரே நடுங்குது. போன வருசம் ஒரு சினை மாட்டைப் பறிகொடுத்தேன்" என்றாள் பரிபூரணம். குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஐம்பதை நெருங்கும் மனிதர், கயிற்றைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். பொன்னாடை பையை விட்டு வெளியே வரவில்லை.

ஊர் திரும்பியதும் நேரே முதலாளியிடம் போனார். "அந்த நாளை நிறுத்திருங்க. இல்லன்னா அன்னைக்கு வெளுப்பை நிறுத்துங்க."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? ஊரே கொண்டாடுது. வெளுப்பை நிறுத்துனா ஆர்டருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் முதலாளி. தவசிமுத்து அன்றோடு வேலையை விட்டுவிட்டுப் பஜாரில் ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டப் போனார்.

அடுத்த தையில் பந்தல் வழக்கம்போல் எழுந்தது. 'நிறுவனர் அவர்களே, மேடைக்கு வரவும்' என்று மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். நிறுவனர் அப்போது பரிபூரணத்தின் வீட்டில் இருந்தார். ஓடைப்பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று தங்கையிடம் கேட்டார்.

"இன்னைக்கு என்னத்தப் பாக்கப் போறே? இன்னைக்கு உன் நாளு, ஓடை நல்லாத்தான் இருக்கும்" என்று சோற்றைப் போட்டாள் பரிபூரணம். "தின்னுட்டுப் படு. காலைல மாடு பிடிக்க ஆள் வேணும்."