கரண்ட் போன நேரம்

சொன்னால் சிரிப்பீர்கள். கண்டியில் நகைத்தொழில் படிக்கப் போன எனக்கு நெருப்பென்றால் பயம். எங்கள் ஊர் புசல்லாவையில் பஸ் ஏறும்போதே கை வியர்க்கும். வெள்ளி மோதிரத்தின் இரு முனைகளையும் பற்றாசு என்ற ஒட்டு உலோகத்தை வைத்து ஒட்டப் போனால், மோதிரமே உருகி உருண்டையாகிவிடும்.

பரீட்சையன்று என்னிடம் இருந்தது கடைசி வெள்ளித் துண்டு. அதை மோதிரமாக வளைத்து, பற்றாசு வைத்து, கேஸ் சுடரில் காட்டினேன். வெளியே அடைமழை. பட்டென்று கரண்ட் போய்விட்டது.

“நிப்பாட்டு புள்ள! இருட்டுல உருக்கிடப் போறாய்!” பக்கத்து மேசையிலிருந்து மடவளைக்காரி ரிஸானா கத்தினாள்.

நிறுத்தப் போன கை அப்படியே நின்றது. மோதிரம் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது! டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருநாளும் என் கண்ணில் படாத சிவப்பு. அது இன்னும் கொஞ்சம் கூடியதும், பற்றாசு தண்ணீர்போலப் பளிச்சென்று ஓடி இடைவெளியை நிரப்பியது. சட்டென்று சுடரை விலக்கினேன். மோதிரம் மோதிரமாகவே இருந்தது!

“ஒட்டிருச்சு ரிஸானா, ஒட்டிருச்சு!”

அவள் ஓடிவந்து பார்க்கும்போதே கரண்ட் வந்துவிட்டது.

“ஐயோ, லைட்ட அணைங்க! நான் இன்னும் ஒட்டல்ல!” என்று அலறினாள். பரீட்சை வைத்த சேர் சிரித்துக்கொண்டே போய் அணைத்தார்.

உருகுவதற்கு முன் வெள்ளி ஒவ்வொரு முறையும் இப்படிச் சிவந்து என்னை எச்சரித்துத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் சுடரைப் பற்றவைக்குமுன் நானே எழுந்துபோய் லைட்டை அணைக்கிறேன்.