ஆல்ஃபாவுக்கு விட்ட இடம்

இன்று காஜா பெராங் ஊரில் அப்பா அம்மா வீட்டில், அப்பாவின் லினக்ஸ் கணினியில் கிரேக்க விசைப்பலகை அமைத்து ஆல்ஃபா எழுத்தை வரவைக்க உட்கார்ந்தேன். பழைய மாணவர்களுக்காக அப்பா தன் அந்தக் காலத்துக் கேள்வித்தாளை மறுபடி அடிக்க வேண்டுமாம்.

கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் முதலில் வெறும் கேள்விக்குறிகள். பிறகு நான் அடித்த கட்டளைகளும் கிரேக்க எழுத்தில் விழுந்தன. மத்தியானம்தான் ஆல்ஃபா வந்தது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் அப்பா பௌதிக வாத்தியார். அவருடைய தட்டச்சுப் பொறியில் ஆல்ஃபா கிடையாது. அந்த இடத்தைக் காலியாக விட்டு அடிப்பார். கல்யாணமான புதிதில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதை மையால் எழுதுவாராம்.

"இத அமுக்குங்கப்பா, வந்துரும்."

தலையாட்டினார். அடித்தார். ஆல்ஃபா வரவேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டார்.

"பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட குடு லா."

சமையலறையிலிருந்து அம்மா, "என் கண்ணாடிய எங்க வச்சீங்க?"

கிரேக்க விசைப்பலகை யாருக்காவது வேண்டுமா? புத்தம் புதுசு, அப்பா இன்னும் தொடவே இல்லை.