போல்ட்டின் பேண்ட்

என் தம்பி பெண்டாட்டிக்குப் பட்டறையில் வைத்த பெயர் போல்ட்டு. பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை அது. அவள் சீட் பொருத்துகிறவள். உயரம் நாலே முக்கால் அடி, வயது ஐம்பத்தெட்டு. முப்பது வயதில் தரை பெருக்கப் போனவள், ஒருநாள் ஆள் வராத நேரத்தில் ஸ்பேனரை எடுத்தாள். அப்புறம் கீழே வைக்கவே இல்லை. கடுகு சிறுத்தாலும் என்று யாராவது ஆரம்பித்தால் அந்த ஸ்பேனரோடுதான் திரும்பிப் பார்ப்பாள். நான் அவளுக்கு நாத்தனார், மூத்தவள். வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

பட்டறையில் கொடுத்த பேண்ட் ஆம்பிளைகளுக்கு வெட்டியது. அவளுக்கு இடுப்பில் நின்றால் பின்பக்கம் கோணியாகத் தொங்கும். கண்ணாடி முன்னால் நின்று அழாத குறை. வேலைக்குத்தானே, அழகு எதற்கு என்றேன். "அழகா இருந்தா போல்ட்டு இறங்காதா அண்ணி?" என்றாள்.

மூன்று சனிக்கிழமை, ஏழு கடை ஏறி இறங்கினோம். பெண்கள் பகுதியில் இருந்ததெல்லாம் ஒன்று குச்சி மாதிரி இருக்கும் பெண்களுக்கு, இல்லையென்றால் எலாஸ்டிக் வைத்த பை. ஒரு கடைக்காரப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடப் பையன்கள் பகுதிக்கு அனுப்பினாள். அதையும்தான் போட்டுப் பார்த்தோம்; தொடைக்கு மேல் ஏறவில்லை. கடைசியில் வேலை உடுப்பு விற்கும் கடையில் கிடைத்தது. கருநீலம். இடுப்பு கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், கால் நேராக இறங்கும். முட்டியில் பை தைத்து உள்ளே கெட்டி ரப்பர் அட்டை வேறு. அதைப் போட்டதும் ஆளே இரண்டு அங்குலம் வளர்ந்த மாதிரி இருந்தாள். இத்தனை வருஷம் முட்டிக்கு அடியில் போட்டு மண்டியிட்ட ஸ்பாஞ்சுத் துண்டை, இனி இது எதற்கு என்று குப்பையில் போட்டாள்.

நீளம்தான் ஐந்து அங்குலம் மிச்சம். நான் எதற்கு இருக்கிறேன் என்று அன்றைக்கே கீழே வெட்டி மடித்துத் தைத்தேன். அதே பட்டறையில் பஸ் தரைக்கு விரிப்பு ஒட்டும் ஒருத்தி, அவளும் குட்டை. அந்தப் பிரிவுக்கு அட்டை வைத்த பேண்ட்டைப் பட்டறையே கொடுக்கும். போன வருஷம் அவளுக்கும் இப்படித்தான் வெட்டிக் கொடுத்தேன். என் மடிப்பில் நூல் வெளியே தெரியாது, பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, போல்ட்டு முட்டி வலி என்றாள். படி இறங்கக் கைப்பிடியைத் தேடினாள். எண்ணெய் தேய்த்துவிட்டேன், தேய்க்கும்போதெல்லாம் திட்டவும் செய்தேன். வயசு ஏறுகிறது, இன்னும் குமரி என்று நினைப்பு, அந்த விரிப்புக்காரியைப் பார், முட்டி போய் ஸ்டோரில் உட்கார்ந்து லேபிள் ஒட்டவில்லையா என்று. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

சூப்பர்வைசர் கண்ணிலும் பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அவர் முன்னால், பத்து சீட். ஒவ்வொன்றுக்கும் மண்டியிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அன்றைக்கே ஸ்டோர். ஸ்பேனர் பிடித்த கைக்கு லேபிள் பசை. அதற்கு வீட்டிலேயே கிடக்கலாம் என்று அவள் என் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் படுத்திருந்தாள். பேண்ட்டை இஸ்திரி போடலாம் என்று எடுத்தேன். பாக்கெட்டில் ஒரு காகிதம். முழங்கால் ஒத்துழைக்காததால் என்னை ஸ்டோருக்கு மாற்றும்படி நானே கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள். எட்டு மணிக்கு முன்னாலேயே தோற்கப் போகிறாள்.

பேண்ட்டை மேசையில் விரித்தேன். அப்போதுதான் பார்த்தேன். கிரீஸ் கறையும் தேய்ந்த துணியும் ஓரிடத்தில். ரப்பர் அட்டை அதற்கு மூன்று விரல் கீழே. அட்டைப் பை கடையிலிருந்து வந்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

ஐந்து அங்குலம் நீளமான பேண்ட்டுக்கு முட்டியும் கீழேதானே இருக்கும்? அடியில் வெட்டினால் அது மேலே வருமா? நாற்பது வருஷமாக மெஷின் மிதிக்கிறேன், இது என் மண்டையில் ஏறவில்லை. மண்டியிட்டால் அட்டை காலில் உரசுவது அவளுக்குத் தெரியும், அதனால் சந்தேகப்படவில்லை. ஆனால் அட்டை இருந்தது முட்டிக்குக் கீழ் எலும்பில். முட்டிச் சில்லு நேராக பஸ் தரைத் தகரத்தில்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் மறைக்கத்தான் நினைத்தேன். சத்தமில்லாமல் பையைத் தூக்கித் தைத்துவிட்டால் போயிற்று. எண்ணெய்க்குப் பெயர் கிடைக்கும். பாதிப் பையைப் பிரித்தும்விட்டேன். ஆனால் அந்தக் காகிதம் மேசையிலேயே கிடந்தது. தன் காலை நம்பாதவள் காலையில் அதை நீட்டிவிடுவாள். போய் எழுப்பி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பேண்ட்டை வாங்கிக் கறையைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு மாசமா என் காலை நானே சபிச்சிட்டு இருந்தேன் அண்ணி. நீங்களும் கூடவே சபிச்சீங்க."

பையைத் தூக்கினால் பழைய ஊசி ஓட்டை வரிசையாகத் தெரியும், அழகு போய்விடும் என்றேன். தெரியட்டும், தையுங்கள் என்றாள். காகிதத்தை அவள் கிழிக்கவில்லை. மடித்துப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பட்டறை விடுவதற்கு அரை மணி முன்னாலேயே வாசலில் போய் நின்றேன். அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் முட்டியைப் பார்த்தேன். கிரீஸ் அட்டையின் நடுவில் இருந்தது.

"பத்தும் முடிச்சேன். வலிச்சுது. ஆனா எதையும் பிடிக்கல," என்றாள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. தோள் பையிலிருந்து ஒரு பழைய சாம்பல் நிற பேண்ட்டை எடுத்து என் கையில் வைத்தாள். முட்டி வெளுத்திருந்தது. அதற்குக் கீழே அட்டைப் பை அப்படியே புதுசாக. கால் மடிப்பைப் புரட்டினேன். நூல் தெரியவில்லை.

"யார் தெச்சதுன்னு தெரியுதா? இதைப் போட்டவ ஒரு வருஷமா லேபிள் ஒட்டுறா. பையைத் தூக்கித் தெச்சு, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. ஏன்னும் நீங்களே சொல்லுங்க."

மறுநாள் ஸ்டோர் வாசலில் நின்றேன். விரிப்புக்காரி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். என் கையிலிருந்த பேண்ட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"உங்க மடிப்பு இன்னும் பிரியவே இல்லக்கா," என்றாள்.

"உட்காரு, சொல்றேன்," என்றேன்.