விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு லொறிப் பாட்டு

துக்கமான பாட்டு ஒன்றை ஒரு பிள்ளை எந்த வயதில் கேட்கலாம்? இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. முட்டையை எப்போது கொடுக்கலாம், கச்சான் கடலையை எப்போது கொடுக்கலாம், எத்தனை மணிக்குப் படுக்கப் போடலாம் என்பதற்கெல்லாம் மகள் பிறந்தபோது தாதி தந்த கையேட்டில் பதில் இருந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன், சில பக்கங்களை இரண்டு முறை. பாட்டைப் பற்றி அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

நான் கேட்ட வயது எனக்குத் தெரியும். மகளுக்கு இப்போது ஐந்து. அந்த வயதில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகள் மனப்பாடம். எல்லாம் அப்பாவின் காரில், பின் சீட்டில் இருந்து கேட்டவை.

அப்பா கொழும்பில் வேலை பார்த்த இளவயதில், அறை நண்பர்களோடு வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கேட்டுப் பிடித்துக்கொண்ட பாட்டுகள் அவை. நாட்டை விட்டு வரும்போது அவர் கொண்டுவந்த பொருள்களில் உடையாமல் வந்து சேர்ந்தவை அந்தப் பாட்டுகளைப் பதிந்த கசெட்டுகள்தான் என்று அம்மா சொல்லுவா. நியூசிலாந்தில், ஒக்லாந்து நகரின் மவுண்ட் ரோஸ்கில்லில் வாடகை வீடு, விரி என்ற இடத்தில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. சனிக்கிழமைகளில் ஒடாஹுஹுவுக்கு மீன் வாங்கப் போவோம். காரின் ஹீட்டர் வேலை செய்யாது, கசெட் பிளேயர் மட்டும் ஒருநாளும் பழுதாகாது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அப்பா அறிவிப்பாளர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"அன்பான நேயர்களே, அடுத்ததாகக் குதிரையை வித்தவனின்ரை பாட்டு."

"ரோட்டைப் பாத்து ஓடுங்கோ, நேயர் மீனைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா," என்பா அம்மா. மீன் பை அவவின் காலடியில் இருக்கும்.

அந்தக் குதிரைப் பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். ஒருவன் தன் குதிரையைச் சந்தையில் விற்றுவிட்டு, சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறான். அவ்வளவுதான் கதை. அவன் வீட்டு வேலியை அடையும் இடத்தில் வயலின் மட்டும் தனியாக வரும். அங்கே அப்பா ஒருமுறைகூடத் தவறாமல் சத்தத்தைக் கூட்டுவார். அந்தப் பழைய காரை ஒரு மாணவனுக்கு விற்றுவிட்டு நாங்கள் பஸ் தரிப்புக்கு நடந்து வந்தபோது, கசெட் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா அந்தப் பாட்டைத்தான் வாய்விட்டுப் பாடினார். "சும்மா வாங்கோ, ஆக்கள் பாக்கினம்," என்று அம்மா நாலடி முன்னால் போய்விட்டா. நான் அப்பாவோடு சேர்ந்து பாடினேன்.

இன்னொன்று, காற்றடிக்கும் பண்ணை வீட்டில் உடுப்புக் காயப்போடும் பெண்ணின் பாட்டு. வேலை தேடிப் போன கணவனின் சட்டையையும் அவள் கிழமைக்கொருமுறை தோய்த்துக் கொடியில் போடுகிறாள். இன்றைக்கும் அதைக் கேட்டால் எனக்குப் பண்ணை வீடு தெரிவதில்லை. எங்கள் பின்வளவில் குடை மாதிரிச் சுழலும் கொடியும், "மழை, மழை, ஓடி வாங்கோ!" என்று அம்மா கத்துவதும், ஈரத் துவாய்களைத் தோளில் அள்ளிக்கொண்டு நாங்கள் ஓடுவதும்தான் தெரிகிறது. ஒக்லாந்து மழை அப்படி. உடுப்பு காய்ந்து முடிகிற நேரம் பார்த்து வரும்.

மூன்றாவது, லொறிக்காரனின் பாட்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கைதட்டிப் பாடக்கூடிய வேகம். பல்லவி முடியும் இடத்தில் ஹோர்ன் சத்தம் வரும், தெருவில் ஆள் இல்லாவிட்டால் அப்பாவும் எங்கள் ஹோர்னை இரண்டு தரம் அடிப்பார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஒருவன் மழையில் லொறியை எடுக்கிறான். பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து வைக்கிறார்கள். கடைசி வரியில் தெருவோரம் லொறி நிற்கிறது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது, சீட்டில் ஆள் இல்லை. அந்த இடத்திலும் நாங்கள் கைதட்டினோம். மெட்டு அப்படி.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பின்னேரம் சாமி அறையில் அம்மா விளக்கு வைக்கும்போது வீட்டில் அழுகைப் பாட்டு ஒலிக்கக் கூடாது. தமிழ்ப் பாட்டில் சோகமாக ஒரு குரல் இழுத்தால் போதும், அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து வானொலியை நிறுத்துவா. அதே நேரத்தில் அப்பாவின் கசெட்டில் குதிரை போகும், மனைவி போவாள், லொறிக்காரன் போவான். அம்மா திரியைத் தூண்டிக்கொண்டே தலையாட்டுவா. ஒருமுறை கேட்டேன், இதுவும் அழுகைப் பாட்டு இல்லையா என்று.

"அது இங்கிலிஷ்தானே," என்றா அம்மா. அதோடு கதை முடிந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஒடாஹுஹுவுக்கு வந்த பிறகு, அப்பா காலையில் போனில் ஒரு பாட்டு அனுப்பத் தொடங்கினார். கூடவே வீட்டுச் செய்தியும் வரும். 'மழை. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. புட்டும் சம்பலும். இதைக் கேள்.' நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுப் பதில் போடுவேன். 'பிள்ளைக்குச் சளி. காய்ச்சல் இல்லை. கேட்டன், மன்டலின் நல்லா இருக்கு.' நாங்கள் மனம்விட்டுக் கதைக்கும் குடும்பம் இல்லை. எனக்கு முதல் கரு தங்காமல் போன கிழமையில் அப்பா ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உடுப்புக் காயப்போடும் பெண்ணின் பாட்டை மட்டும் அனுப்பினார். கீழே செய்தி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. குசினியில் நின்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

என் கணவர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர். இங்கே படிக்க வந்து, இப்போது விரியில் உள்ள ஒரு கிடங்கிலிருந்து டவுரங்காவுக்குப் பெரிய ட்ரக் ஓட்டுகிறார். பின்னேரம் புறப்பட்டால், மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் திரும்பிவிடுவார். அப்பாவின் பாட்டுகள் அவருக்குப் பிடிபடவே இல்லை.

"உங்க அப்பா அனுப்புற பாட்டுல ஒண்ணுலயாச்சும் யாராவது நல்லா இருக்காங்களா? ஒருத்தனுக்கு குதிரை போச்சு, ஒருத்தனுக்கு பொண்டாட்டி போச்சு. காலங்காத்தால எதுக்கு இது?"

"பாட்டைக் கேளுங்கோ. கதையை ஏன் கேக்கிறியள்?" என்றேன்.

மகள் பள்ளிக்கூடம் தொடங்கியதும், எனக்கு வேலை உள்ள நாட்களில் அப்பாதான் அவளைக் கூட்டிவருவார். காரில் பாட்டு இல்லாமல் இருக்குமா? அவள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, அம்மப்பாவின் அறிவிப்பாளர் செருமலை மட்டும் அச்சொட்டாகச் செய்வாள். எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் பின் சீட்டு அவளுக்கும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு குளிர்காலம் வந்தது. ஒரு பின்னேரம் கணவர் மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது ஒரு சப்பாத்தைக் காணவில்லை. தேடித் தேடிக் கடைசியில் உடுப்புக் காயவைக்கும் மெஷினுக்குள் இருந்து எடுத்தேன். வெளியே நல்ல மழை. மகள் ஓடிவந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள்.

"டோன்ட் கோ, அப்பா. இட்ஸ் ரெய்னிங்."

"மழையில போனா அப்பா கரைஞ்சா போயிருவேன்? நான் என்ன சீனியாடா கண்ணு?"

எப்போதும் சிரிக்கிறவள் சிரிக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். அதன் பிறகு மழை பெய்த பின்னேரங்களில் எல்லாம் இதே பாடு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, மழை வந்தால் பிள்ளை ஜன்னலை விட்டு அசைவதில்லை, வீட்டில் ஏதாவது நடந்ததா என்று மெதுவாகக் கேட்டா. எங்கள் வாய்ச்சண்டைகள், நான் அவசரத்தில் அவளிடம் கத்தியது, வேலைக்குப் போனது, எல்லாவற்றையும் மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். எல்லாமே குற்றமாகத்தான் தெரிந்தன.

ஒரு ஞாயிறு காலை சீப்பால் அவளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள். அந்த ஆளும் சாப்பாட்டுக்கு வருவேன் என்றுதானே சொன்னான் என்று. எந்த ஆள் என்று கேட்டேன். அம்மப்பாவின் பாட்டில் வரும் ஆள். வைப்பரை நிற்பாட்டாமல் போன ஆள்.

பின்னலைக் கட்டி முடித்தேன். அவளைப் படம் பார்க்க இருத்திவிட்டுக் குசினிக்குள் போய் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். ஒரு சொல்கூட எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அன்றைக்குத்தான் அதில் ஒரு மனிதன் செத்துப்போனான்.

அன்று பின்னேரமே மவுண்ட் ரோஸ்கில் போனோம். அம்மா விளக்கு வைக்கத் திரி போட்டுக்கொண்டிருந்தா. முதலில் அவவிடம் சொன்னேன்.

"அந்த ஹோர்ன் அடிக்கிற பாட்டோ? அது சந்தோசப் பாட்டெல்லோ?"

"கடைசியிலை அவன் செத்துப்போறான் அம்மா."

அம்மா நெருப்புப் பெட்டியோடு அப்பா இருந்த விறாந்தைப் பக்கம் திரும்பினா. "இஞ்சருங்கோ! இவ்வளவு காலமும் நான் விளக்கு வைக்கேக்கை நீங்கள் செத்தவீட்டுப் பாட்டே போட்டனீங்கள்?"

"எல்லாம் அப்பிடி இல்லை," என்றார் அப்பா. "சிலதிலை பிரிஞ்சு மட்டும்தான் போறவை."

நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்க முன்னமே சொல்லிவிட்டால் லேசாக இருக்கும் என்று நினைத்து, இனி பிள்ளைக்கு இந்தப் பாட்டுகளைப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் சொன்னேன்.

"நீயும் கேட்டுத்தானே பிள்ளை வளர்ந்தனி?"

"எனக்கு அது இங்கிலிஷ் பாட்டு அப்பா. அவளுக்கு அது நடந்த கதை."

"ஓம் பிள்ளை. விளங்குது," என்றார் அப்பா. அந்த நேரத்தில் முன்னறைத் தொலைக்காட்சியில் ஒரு பழைய தமிழ்ப் படத்தில் யாரோ யாரையோ இழந்து உருகிப் பாடிக்கொண்டிருக்க, என் மகள் அதற்குச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிப்போய் அதை நிறுத்தினா.

அடுத்த நாள் காலையில் அப்பாவின் செய்தி வந்தது. 'மழை. முழங்கால் கொஞ்சம் நோ. இடியப்பம்.' பாட்டு இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் பிள்ளைக்குப் போட வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னேன். அவர் எனக்கும் நிறுத்திவிட்டார். கோபம் என்று சொல்ல முடியாது. பிள்ளையைக் கூட்டிவருகிறார், ஒறேஞ்ச் உரித்துக் கொடுக்கிறார், என்னைக் கண்டால் சிரிக்கிறார். காரில் வானிலை அறிவிப்பு மட்டும் ஓடுகிறது. நாங்கள் போகும்போது வீட்டிலும் பாட்டை நிறுத்திவிடுகிறார். வாசலுக்கு வரும்வரை மெல்லக் கேட்கும், கதவைத் தட்டினால் நின்றுவிடும். நானும் ஒருமுறை குதிரைப் பாட்டை அவருக்கு அனுப்பிப் பார்த்தேன். 'கேட்டன். சந்தோசம்,' என்று பதில் வந்தது.

மகள் காலைக் கட்டிக்கொள்வதை இப்போது விட்டுவிட்டாள். பாட்டை நிறுத்தியதாலா, குளிர்காலம் குறைந்ததாலா, பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடும் விஷயங்களில் இதுவும் ஒன்றா, எனக்குத் தெரியவில்லை. போன கிழமை காரில் பெல்ட் போட்டுவிடும்போது அவள் லொறிப் பாட்டைப் போடச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன செய்தார்கள் என்று தெரிய வேண்டுமாம். பாட்டில் அது இல்லை என்றேன். அப்படியென்றால் அம்மப்பாவிடம் கேட்போம், அவருக்குத் தெரியும் என்றாள்.

கணவரிடம் சொன்னேன். "போட்டு விடு, கேக்கட்டும். நான்தான் தெனமும் வந்துட்டு இருக்கேன்ல," என்றார் அவர். அவருக்கு அவ்வளவுதான். எனக்கு அவர் புறப்படும் பின்னேரங்களில் இப்போது மழைச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கிறது. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள், பேரப்பிள்ளை கண்டவர்களும் இருப்பீர்கள். அவளே கேட்கிறாள், பாட்டைப் போடலாமா? இல்லை, இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும் என்று இருப்பதா? அதற்குள் அப்பா பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டால் என்ன செய்வது? போடலாம் என்று சொல்கிறவர்கள் இன்னொன்றையும் எழுதுங்கள். நிறுத்தச் சொன்ன வாயாலேயே, அவருக்கு நோகாமல், திரும்பப் பாட்டுப் போடச் சொல்லி எப்படிக் கேட்பது? நாங்கள் மனம்விட்டுக் கதைக்கும் குடும்பம் இல்லை என்று முன்னமே சொன்னேன். அதனால் எனக்குச் சொல்லத் தெரிந்த அளவில், இரண்டொரு வசனமாக எழுதித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.