வெளிறிப்போன மூன்றாவது படம்

அத்தான் இறந்து இருபதாம் நாள், அக்கா என்னிடம் ஒரு படம் கேட்டாள். முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையில் போடுவதற்கு. வீட்டில் இருந்தது அடையாள அட்டைக்காக எடுத்த பழைய படம் ஒன்று. மற்றதெல்லாம் போனில் பிள்ளைகளுக்குப் பின்னால் பாதி முகம் தெரிகிற படங்கள்.

"இதில இரிக்கிறது ஆரெண்டு எனக்கே தெரியல்ல தம்பி. விடியக்காலையில அவரோட வாவிக்குப் போனது நீதானே. உன்னட்ட எத்தனை படம் கிடக்கும்!"

"பாக்கிறன் அக்கா" என்றேன்.

கிடந்தது என்னவோ உண்மைதான். ஆனால் ஒன்றிலும் அத்தான் இல்லை.

எனக்குச் சோறு போடுவது கலியாண வீட்டுப் படங்கள். வாவியில் விடிகிற வானம் என் பைத்தியம். அந்த நேரத்தில் வானம் பளிச்சென்றும் கரையோரப் பற்றைச் செடிகள் கறுப்பாகவும் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கக் கெமராவால் முடியாது. அதனால் முக்காலியில் வைத்து அடுத்தடுத்து மூன்று படம் எடுப்பேன். வானத்துக்காக இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, நிழலுக்காக அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் ஒன்று. பிறகு கணினியில் மூன்றையும் ஒன்றாக்குவேன்.

செட்டிபாளையத்துக்கு எதிர்க்கரையில் முன்னால் ஏதாவது நின்றால் படம் எடுப்பாக இருக்கும் என்று அத்தானின் தோணியை நிறுத்தச் சொல்வேன். மீன் பிடிக்க வந்த மனிதரை ஒரு கம்பு மாதிரிப் பயன்படுத்தினேன். "மூண்டு கிளிக் அத்தான், அசையாதீங்க" என்பேன். மீன் எனக்காகக் காத்திருக்குமா? மூன்றாவது கிளிக்குக்குள் வலையை வீசிவிடுவார். படங்களை ஒன்றாக்கினால் ஒரே ஆள் மூன்று இடத்தில் ஆவி மாதிரித் தெரிவார். அசைந்ததை எல்லாம் நீக்கிவிட மென்பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதை அழுத்தினால் அத்தான் போய்விடுவார், தண்ணீர் சுத்தமாக இருக்கும். முகநூலில் அள்ளிக்கொண்டு விருப்பம் போடுவார்கள். இடம் போதாதென்று மூலப் படங்களையும் அழித்துவிடுவேன்.

ஒருமுறை என் போனில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எங்கடா நான்?"

"நீங்க ஆடிட்டீங்க அத்தான்."

"தோணியெண்டா ஆடும்தானே" என்று சிரித்தார்.

செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. கதிரை அடுக்கினேன், தேத்தண்ணி கொடுத்தேன், தகரப் பந்தலுக்குள் வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மனதைத் திடமாக வைத்திருக்கிறான் என்று சனம் சொன்னது. திடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே ஒன்றுமே இருக்கவில்லை.

அக்கா கேட்ட பிறகுதான் கெமராவைக் கையில் எடுத்தேன். கடைசியாகப் போன காலையில் எடுத்தவை அழிக்கப்படாமல் அதற்குள்ளேயே கிடந்தன. அன்று வீட்டுக்கு வந்து, பத்து மணி போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான் அத்தான்.

முதல் படத்தில் தோணியில் ஒரு கறுப்பு உருவம். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில் வானம் முழுக்க வெளிறிப்போயிருந்தது. நிழலுக்காக மட்டும் எடுக்கிற, தனியாக யாருக்கும் காட்டாத படம். அதில் அத்தானின் முகம் துலக்கமாக இருந்தது. வலை மடியில் அப்படியே கிடந்தது. வலது கை நெஞ்சில் அழுத்தியிருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வியர்வை. கண்கள் என்னைப் பார்த்தபடி இருந்தன.

மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கை அந்த இடத்தை விட்டு ஒரு மயிரளவும் நகரவில்லை. முதன்முறையாக மூன்று படமும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. அன்று கெமராவின் சின்னத் திரையில் வானத்தைப் பார்த்துவிட்டு, "இண்டைக்குத்தான் அத்தான் ஒழுங்கா இருந்தீங்க" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லும்போது அவர் பக்கம் நான் திரும்பவில்லை. நான் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன்.

தெரிந்த வேலையைச் செய்தேன். வெளிறலைக் குறைத்தேன். கன்னத்து நிழலைத் தூக்கினேன். வியர்வையை ஒவ்வொரு துளியாக அழித்தேன். கழுத்துக்குக் கீழே வெட்டியதும் கை போய்விட்டது. கலியாணப் பெண்ணின் படத்தைத் திருத்துகிற மாதிரியே செய்து முடித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா வந்திரிக்கி. இதுதான் அவர்ர முகம். எப்ப எடுத்த?"

"அதுக்கு முந்தின கிழமை."

"கண் ஒரு மாதிரிக் கிடக்கே தம்பி. அண்டைக்கு அவருக்கு உடம்புக்கு ஏலாம இருந்ததா?"

"இல்ல அக்கா. வெயில் கண்ணில அடிச்சது."

அக்கா நம்பினாள். சூரியன் அன்று அத்தானின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.