சூடு வைத்தது யார்?

குழந்தையின் குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு இருந்த அந்தக் கொப்புளத்தை முதலில் பார்த்தவள் நான்தான். எழுபதுகளின் ஆரம்பம். பிள்ளையார்பாளையத்தில் அம்மா, பட்டு நெய்யும் அண்ணன், அண்ணி, அவர்களுடைய எட்டு மாதப் பெண் குழந்தை, கல்யாணம் ஆகாத நான் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அடுத்த வாரம் முழங்காலில் இரண்டு, பிறகு உள்ளங்கையில் ஒன்று. சுடுதண்ணீர் பட்டதுபோல நீர் கோத்துக்கொண்டு நின்றன.

"நாள் பூரா உங்கிட்டதானே இருக்குது, எப்படிம்மா வருது?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியலை அத்தை" என்றாள் அண்ணி. அதை நாங்கள் யாரும் நம்பவில்லை. குழந்தை பெண்ணாகப் பிறந்ததில் அவளுக்கு வெறுப்பு, அதனால் சூடு வைக்கிறாள் என்று அம்மா முடிவுகட்டினாள். நான் வேவு பார்த்தேன். அவள் பால் காய்ச்சும்போது ஏதோ வேலை இருப்பதுபோல அடுப்படியில் நிற்பேன். அவள் நகர்ந்ததும் கரண்டியைத் தொட்டுப் பார்ப்பேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் அவள் கெட்டிக்காரி என்று நினைத்தேனே தவிர, தப்பு செய்யாதவள் என்று தோன்றவில்லை.

கடைசியில் அண்ணியை மட்டும் ஏனாத்தூருக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றாள் அம்மா. அண்ணன் தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று குழந்தையை நானே வைத்துக்கொண்டேன், அண்ணியைக் கிட்டே விடவில்லை. சிமெண்டுத் தரையில் அது பாட்டுக்குத் தவழ்ந்து விளையாடியது. சாயங்காலம் தூக்கினால், முழங்காலில் புதிதாக ஒன்று.

சொல்லாவிட்டால் அண்ணி போய்விடுவாள்; சொன்னால் சூடு வைத்தவள் நானாகிவிடுவேன். விளக்கு வைக்கிற நேரம்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

அண்ணி ஓடிவந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ என்னா பண்ணே எங்கொழந்தைய?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் முதலில் அண்ணன், அண்ணி, நான் என்று எங்கள் மூவரையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். கொப்புளம் இருந்த இடங்களை நிதானமாகப் பார்த்த பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வருமா?" என்று கேட்டார். அண்ணன் தயங்கித் தயங்கிச் செருப்பைக் கழற்றினான். பாதமெல்லாம் தழும்பு.

"தறி மிதிக்கிறதால வருது டாக்டர். எங்கப்பாவுக்கும் வெயில் காலத்துல வரும்."

"தறி மிதிக்கிற எல்லாருக்குமா வருது?"

அண்ணன் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"யாரும் சூடு வைக்கலை. அபூர்வமா சில குடும்பத்துல வழிவழியா வர்ற தோல் நோய் இது. உரசினாலே கொப்பளிச்சுக்கும். இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு" என்றார். முழுக்கக் குணமாக்க மருந்தில்லை. மெத்தென்ற துணி விரித்துத் தவழ விடுங்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார்.

எங்கள் வீட்டு ரத்தத்தில் இருந்ததற்கு அண்ணியைத் துரத்தப் பார்த்திருக்கிறோம். அம்மா அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்கு இன்று பேரன் இருக்கிறான். பிறந்த வாரமே அவன் பாதத்தை டாக்டரிடம் காட்டிவிட்டார்கள். அன்றைக்கு எங்களுக்கு அது தோன்றவில்லை.

நோய் என்று தெரிந்த பிறகும் வெகுகாலம், என் கையிலிருந்து குழந்தையை வாங்கினால் அண்ணி உள்ளங்கை, முழங்கால், பாதம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். அவள் பார்த்து முடிக்கிறவரை நான் அங்கேயே நிற்பேன்.